தொடக்கச் செலவு மட்டும்

குடிநீர் வாரியத் தலைவர் மாநாட்டுக்குப் போகிறார் என்றாலே அலுவலகத்தில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். போகும்போது ஒன்றுமில்லை, திரும்பி வரும்போதுதான் ஆபத்து. முதல் மாநாட்டிலிருந்து வந்தவர் அலுவலக முகப்பில் மூன்றடுக்குச் செயற்கை நீரூற்று ஒன்றைக் கட்டினார். திறப்பு விழாவுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மறுநாளிலிருந்து அதில் ஊழியர்கள் சைக்கிள் நிறுத்துகிறார்கள். இரண்டாவது மாநாட்டிலிருந்து வந்தவர் வாரியத்துக்கென்று ஒரு பாட்டு போடச் சொன்னார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல அழைப்பவர்கள் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான், எதிர்முனையில் ஆள் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது மாநாட்டிலிருந்து அவர் கிரிப்டோ நாணயத்தோடு வந்தார்.

கையில் கொண்டுவரவில்லை. அது கையில் கொண்டுவரக்கூடிய சாமான் இல்லை என்பதைத்தான் அன்று காலை ஒன்றரை மணி நேரம் விளக்கினார். கூட்ட அரங்கின் கடைசி வரிசையில் மதிப்பீட்டுப் பிரிவின் எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடமாக வாரியத்தின் குழாய்க்கும் மோட்டாருக்கும் மதிப்பீடு போடுகிறவள். ஒரு திருகாணியைக்கூட விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் 'தசமம்' என்று பெயர்.

"தண்ணின்னா என்ன?" என்று கேட்டார் தலைவர். அவரே பதிலும் சொன்னார். "தண்ணின்னா தலைவலி. கீழ இருந்து மேல ஏத்தணும். அதுக்கு மோட்டார், குழாய், ஆளு. குடுத்தா பத்தலேம்பான், குடுக்கலேன்னா திட்டுவான். ஆனா நாணயம்? ஒரு ரூமுக்குள்ள எந்திரத்த வச்சிட்டுக் கதவச் சாத்திட்டா போதும், அது பாட்டுக்கு நாணயத்தத் தோண்டிக்கிட்டே இருக்கும், சுரங்கம்னு பேரு. ஒரு வார்டு மெம்பராவது வந்து ஏன் நாணயம் வரலேன்னு கேப்பானா? இருபத்தஞ்சு வருசமா நான் தேடுன தொழில் இதுதான்யா!"

எல்லோரும் கைதட்டினார்கள். தசமமும் தட்டினாள், தட்டாவிட்டால் கேட்பார்கள்.

தலைவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தத் துறையில் நிபுணர். அதற்கும் முன்பாகத் தலைவரின் மனைவிக்குத் தம்பி. "சுரங்கம் அமைக்க எண்பது லட்சம் போதும் மாமா" என்று ஆரம்பித்து, "போதும் சார்" என்று திருத்திக்கொண்டார்.

எண்பது லட்சம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வடக்குக் காலனி நீரேற்று நிலையத்தில் இருந்த இரண்டு மோட்டார்களில் ஒன்று எரிந்து போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று இழுத்துக்கொண்டு கிடந்தது. அங்கே மோட்டார்களை மாற்றி, அரித்துப்போன குழாயையும் மாற்றுவதற்காக ஒதுக்கி வைத்த பணம் சரியாக எண்பது லட்சம். சுரங்கத்துக்கு இடமும் அதே நீரேற்று நிலையம்தான். மும்முனை மின்சாரம் இருந்த கட்டடம் அது ஒன்றே. எரிந்த மோட்டாரோடு அதன் வயரும் எரிந்திருந்ததால், ஓடுகிற மோட்டாரின் இணைப்பைக் கழற்றித்தான் சுரங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"தொடக்கச் செலவுக்கு ஒரு பட்ஜெட் போடுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று தலைவர் அந்தப் பொறுப்பைத் தசமத்தின் தலையில் கட்டினார்.

தசமம் குடியிருந்ததும் வடக்குக் காலனியில்தான். நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் குடத்திலும் அண்டாவிலும் பிடித்து வைத்துக் காலம் தள்ளுகிற வீடு. அவள் கணவன் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் பழுது பார்க்கிற மெக்கானிக். மாலையில் அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது ஒரு கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைக் கீழே வைத்துவிட்டான்.

"இந்த மெஷின நான் பாத்திருக்கேன். ஒரு கடைக்காரர் ரெண்டு வாங்கி மாடில வச்சிருந்தாரு. வேற ஒண்ணும் இல்ல, ராப்பகலா கணக்குப் போடுற பெட்டி. ஒரு பெட்டிக்கு மூணர இஸ்திரிப் பெட்டி கரண்ட்டு. அவ்வளவும் சூடாத்தான் வெளிய வரும்."

"அம்பது பெட்டி வச்சா?"

"நூத்தியெழுபத்தஞ்சு இஸ்திரிப் பெட்டிய ஒரே ரூம்ல மாட்டிட்டு, யாரும் ஆஃப் பண்ணாதீங்கன்னு எழுதி வச்ச மாதிரி."

இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பெட்டி ஒன்று ஒரு லட்சம். ஐம்பதுக்கு ஐம்பது லட்சம். மின்மாற்றியும் வயரும் பிரேக்கரும் பத்து. சூட்டை வெளியேற்றும் விசிறிகள், தகரக் குழாய்கள் ஆறு. அடுக்குச் சட்டம், இணைய இணைப்பு மூன்று. முதல் மாத மின்சாரம் ஒன்பது. பழுதுக்கு இரண்டு. ஆக எண்பது. கையில் பணமில்லாதவர்கள் மட்டுமே போடக்கூடிய நேர்மையான கணக்கு அது. கடைசியாக வரவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தாள். பெட்டி நூறு ரூபாய் சம்பாதித்தால் கரண்டுக்கு நூற்றெழுபது போனது.

"இத ஓட்டாம வச்சிருந்தாத்தான்ங்க லாபம்."

"வாங்காம இருந்தா இன்னும் லாபம்" என்றான் அவன்.

அவள் அதையும் அலுவலக நடையில் நாகரிகமாக ஒரு வரி எழுதினாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. தலைவர், நிபுணர், நிதி அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி. நிதி அதிகாரி எதையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். பட்ஜெட்டில் ஒன்பது லட்சம் மின்சாரம் என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"இது என்ன?"

"கரண்ட்டு சார்."

"தெரியுது. உங்ககிட்ட என்ன கேட்டோம்? தொடக்கச் செலவு. கரண்ட்டு தொடக்கமா?"

"கரண்ட்டு இல்லாம தொடங்காதே சார்."

"தொடங்குன பின்னாடிதானம்மா ஓடும்? ஓடுற செலவு நடப்புச் செலவு. அது வேற ஃபைல், வேற தலைப்பு, வேற வருசம். தொடக்கச் செலவுல நடப்புச் செலவக் கலந்தா நாளைக்குத் தணிக்கைல நான் என்ன பதில் சொல்றது?" என்று வரியை அடித்தார். அடித்த சூட்டோடு, நூறுக்கு நூற்றெழுபது என்ற வரியையும் அடித்தார். "நஷ்டமும் நடப்புதான். இன்னும் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள நஷ்டம் எங்கிருந்து வந்துச்சு?"

மிச்சமான ஒன்பது லட்சத்தைப் பார்த்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது. அது நிபுணரின் ஆலோசனைக் கட்டணமாயிற்று. நிபுணர் அடக்கத்தோடு தலைகுனிந்து, அதே மூச்சில் ஒரு யோசனையும் சொன்னார். சுரங்கம் நடப்பதைப் பொதுமக்கள் பார்க்க வேண்டாமா? நீரேற்று நிலையத்தின் வெளிச்சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி வைத்தால்?

"அந்தச் சுவத்துலதான் சார் விசிறி போட்டிருக்கேன்" என்றாள் தசமம்.

"காத்து என்ன, ஆளு வந்தா தன்னால வரும்" என்றார் தலைவர். விசிறி வரியும் அடிபட்டது. கண்ணாடிக்கு இருபத்திரண்டு லட்சம் ஆயிற்று. அதில் ஆறு லட்சம் விசிறிக்கு வைத்ததிலிருந்து வந்தது. பாக்கி பதினாறுக்குப் பெட்டிகளைக் குறைத்தார்கள். ஐம்பது முப்பத்து நான்காயிற்று.

அடுத்த வாரக் கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி வாயைத் திறந்தார். முதல் கூட்டத்தில் அவர் பேசாமல் இருந்தது யோசித்துக்கொண்டிருந்ததால்.

"சுரங்கம்னு போட்டிருக்கு. ஆனா தலைக்கவசம் எங்க?"

"இதுல யாரும் கீழ இறங்க மாட்டாங்க சார். பள்ளமே கிடையாது."

"தோண்டலேன்னா எதுக்குச் சுரங்கம்னு பேரு?"

"எனக்கும் அதான் சார் புரியல."

"புரியாத எடத்துலதானம்மா விபத்து நடக்கும்" என்றார் அவர், வெகு நிதானமாக. "விதிப்படி சுரங்கத்துக்கு நாப்பது தலைக்கவசம், நெத்தி விளக்கு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மூச்சுக் கருவி. பள்ளம் இல்லேங்கிறது உங்க கருத்து. விதியில பள்ளம் இருக்கு."

விதிக்கு ஐந்து லட்சம் போனது. பெட்டிகள் இருபத்தொன்பது. பிறகு தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: திட்டத்துக்குத் திறப்பு விழா உண்டா? உண்டு என்றால் மேடை, பந்தல், கல்வெட்டு, விருந்தினருக்குச் சோபா, நினைவுப் பரிசு எல்லாம் தொடக்கச் செலவுதானே? நிதி அதிகாரி முதல் முறையாக மூக்குக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். "திறப்பு விழாவவிடத் தொடக்கமான செலவு ஒண்ணு இருக்க முடியுமா சார்?" என்றார். பெட்டிகள் பதினொன்றாயின. அதற்கு மேல் வெளிநாட்டுச் சுரங்கங்களைப் பார்த்துவர மூன்று பேர் கொண்ட பயணக் குழு ஒன்றும் வேண்டியிருந்தது.

இறுதி பட்ஜெட்டில் ஒரு பெட்டி இருந்தது.

"ஒண்ணு எதுக்கு சார்?" என்று தசமம் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏம்மா, பொத்தான அமுக்குறதுக்கு ஒண்ணு வேண்டாமா?"

கையெழுத்துப் போட வேண்டியது தசமம். தயாரித்தவர் என்று அடியில் அவள் பெயர் டைப் அடித்திருந்தது. பேனாவைத் திறந்தாள். வீட்டுப் படியில் வரிசையாக நிற்கும் வெறுங்குடங்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. "மின்சாரத்துக்கும் காற்றுக்கும் ஒதுக்கீடு இல்லை. ஓடினால் நஷ்டம். ஓடும் மோட்டாரைக் கழற்றினால் காலனிக்குத் தண்ணீர் நின்றுவிடும்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதினாள். நிதி அதிகாரி கோபப்படவில்லை. குறிப்பை நடுவில் எழுதக்கூடாது, ஓரத்தில்தான் எழுத வேண்டும் என்று புதுத் தாள் கொடுத்தார். அவளும் இடது ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலையில் கோப்பு தையலுக்குப் போனது. இடது ஓரம் முழுக்கத் தையலுக்குள் போய்விட்டது.

திறப்பு விழா மூன்று மாதம் கழித்து, ஒரு முற்பகலில் நடந்தது. பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே என்று, இழுத்துக்கொண்டு கிடந்த மோட்டாரின் இணைப்பைக் கழற்றி அதற்குக் கொடுத்திருந்தார்கள். மேற்கே பார்த்த பழைய சுவர் இருந்த இடத்தில் கூரையைத் தொடும் கண்ணாடி. உள்ளே நடுமத்தியில் பட்டுத்துணி விரித்த மேசை மேல் இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தது போல அந்த எந்திரம். அதைச் சுற்றி வாரிய ஊழியர்கள் நாற்பது பேர் தலைக்கவசமும் பூட்சுமாக, நெற்றி விளக்கை எரியவிட்டபடி, வெட்டவெளிச்சத்தில் நின்றார்கள். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலனிக்காரர்கள் குடத்தோடு நின்றார்கள். தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கினார். பெட்டி லாரி மாதிரி இரையத் தொடங்கியது. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். வாய் அசைந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் அவர் மூச்சு விடும் இடம் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஐந்தாவது நிமிடம் விருந்தினர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பத்தாவது நிமிடம் பூட்சுக்குள் வியர்வை நின்றது. பந்தலுக்கு விளக்குப் போட வந்திருந்த தசமத்தின் கணவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிபுணரின் காதில் கத்தினான்: "ஜன்னலத் தொறங்க!"

"ஜன்னல் டிசைன்ல இல்ல!" என்று நிபுணரும் கத்தினார்.

"கதவையாவது தொறங்கய்யா!"

"கதவுக்கு முன்னாடி சோபா கிடக்கு!"

பதினாறாவது நிமிடம் பட்டுத்துணி புகைய ஆரம்பித்தது. மேற்கூரையில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் தூவல் குழாய் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி விதிப்படி வைத்தது. அது உரிய நேரத்தில் உரிய சத்தத்தோடு திறந்துகொண்டு, சூடான காற்றை ஊதியது. அது குடிநீர் வாரியத்தின் குழாயோடு இணைத்திருந்த தூவல். அந்தக் குழாயில் தண்ணீரை ஏற்றவேண்டிய மோட்டாரை அன்று காலைதான் கழற்றியிருந்தார்கள்.

பத்தொன்பதாவது நிமிடம் பெட்டி தானாக அடங்கியது. கண்ணாடியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு விரிசல் ஓடியது. துணித்தீயைத் தசமத்தின் கணவன்தான் விருந்தினருக்கு வைத்திருந்த பழரசத்தை ஊற்றி அணைத்தான். யாருக்கும் காயம் இல்லை. விருந்தினரைத் தலைக்கவசத்தோடேயே காரில் ஏற்றினார்கள்.

பத்தொன்பது நிமிடத்தில் பெட்டி ஈட்டியது அரைக் கோப்பைத் தேநீரின் விலை. வாரியச் செய்தி மடலில் அது 'முதல் வருவாய்' என்று முதல் பக்கத்தில் வந்தது. தொகையைப் போட இடமில்லை.

ஆனால் கழற்றிய மோட்டாரை ஒரு வாரம் கழித்துத் திரும்ப மாட்டியபோது அது ஓடவில்லை. ஓடாமல் வைத்ததில் அச்சு இறுகிவிட்டது என்றார்கள். பதினொரு நாள் ஆகியும் காலனிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தசமமே காலனிக்கு வெளியே இரண்டு தெரு தள்ளிப் போய் அக்காவின் வீட்டிலிருந்து குடம் சுமந்தாள். பன்னிரண்டாம் நாள் காலனிப் பெண்கள் அலுவலக முகப்புக்கு வந்து, நீரூற்றுத் தொட்டியில் சைக்கிள்களை அகற்றிவிட்டு வெறுங்குடங்களை அடுக்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. கோப்பை வரவழைத்துத் தையலைப் பிரிக்கச் சொன்னார். அதுவரை வாரியத்தில் யாரும் செய்யாத காரியம். இடது ஓரத்தில் தசமத்தின் குறிப்பு வெளியே வந்தது. அவளைக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."  கடைசியில் ஒருவராவது படித்தாரே என்று அவளுக்குச் சந்தோஷம்.

"அப்ப இது இப்படித்தான் ஆகும்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்."

"தெரியும் சார். அதான் எழுதுனேன்."

குழுத் தலைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாருங்க. வாரியத் தலைவருக்குத் தெரியாது. நிதி அதிகாரிக்குத் தெரியாது. நிபுணருக்குத் தெரியவே தெரியாது, அத அவரே எழுத்து மூலமாக் குடுத்திருக்காரு. தெரியாம செஞ்சது தவறு ஆகாது. தெரிஞ்ச ஒரே ஆளு இந்தம்மாதான். தெரிஞ்சிருந்தும் நடக்க விட்டிருக்காங்க."

"நான் எப்படி சார் நிறுத்த முடியும்? நான் எழுத்தர்."

"அதுவும் பதிவாகட்டும்" என்றார் அவர் சுருக்கெழுத்தரிடம். "தன் பொறுப்பின் எல்லை தெரிந்தும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார்."

 ஒரு சம்பள உயர்வு வெட்டப்படும் என்று குறிப்பாணை வரும் என்றார்கள். எழுந்து கதவுவரை போனவளை நிதி அதிகாரி கூப்பிட்டார்.

"இருங்கம்மா. விசாரணைக் குழுவுக்கும் ஒரு பட்ஜெட் வேணும். சம்பவ எடத்தப் போய்ப் பாக்கணும், உக்காரணும், அறிக்கை எழுதணும். அவசர நிதியில நாப்பது லட்சம். தொடக்கச் செலவு மட்டும் போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள."

"உங்கள விட்டா இதச் சரியாப் போட ஆளில்லம்மா" என்று விசாரணைக் குழுத் தலைவரும் மனமாரப் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. ஒரு செம்பு தண்ணீரில் முகத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கழிப்பறை வாளியில் ஊற்றினாள். "ரெண்டு மோட்டாருக்கும், மாட்டுறதுக்கும் எவ்வளவு ஆகும்?" என்று கணவனைக் கேட்டாள்.

"நாலு லட்சத்துக்கு நல்லதாவே கிடைக்கும். குழாய் அரிச்ச எடத்த மட்டும் மாத்த இன்னொரு ரெண்டு. ஏன், நீ வாங்கப்போறியா?"

"விசாரணைக் குழு வாங்கப்போகுது."

திங்கட்கிழமை அவள் முப்பத்து நான்கு இனங்கள் கொண்ட பட்ஜெட்டைக் கொடுத்தாள். எதையும் ஒளிக்கவில்லை. இருபத்தேழாவது இனம் எல்லா இனங்களையும் போல அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது: 'சம்பவ இடத்தில் குழுவினர் பருகவும் கை கால் கழுவவும் தடையில்லாத குடிநீர். இதற்காக வடக்குக் காலனி நீரேற்று நிலையத்தில் இரண்டு மோட்டார் பொருத்துதல், குழாய் பழுது நீக்கல் – ஆறு லட்சம்.'

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. குழுத் தலைவரின் நாற்காலிக்குச் சாய்மானம் எவ்வளவு உயரம் என்பதில் ஒரு மணி நேரம் போனது. அறிக்கையின் அட்டை நீலமா பச்சையா என்பதில் ஒன்றே கால் மணி நேரம். இருபத்தேழாவது இனத்தை நிதி அதிகாரி உரக்கவே படித்தார். 

குழுத் தலைவர் நிமிர்ந்தார். "இதப் போட்டா நாங்க போறப்ப தண்ணி வருமா?"

"வரும் சார்."

"எங்களுக்கு முன்னாடியே வந்துடணும். நாங்க போயி காத்துக்கிட்டு நிக்கக்கூடாது."

"ஒரு வாரம் முன்னாடியே வந்துடும் சார்."

"நடப்புச் செலவு ஏதும் கலக்கலயே?" என்றார் நிதி அதிகாரி.

"இல்ல சார். தொடக்கச் செலவு மட்டும்தான்."

"அடுத்தது?" என்று பக்கத்தைப் புரட்டினார் அவர்.

மோட்டார்கள் பன்னிரண்டு நாளில் வந்தன. குழாயை மாற்றியவர்களுக்கு மெக்கானிக் பக்கத்தில் நின்று வேலை சொன்னான். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால், பட்டுத்துணி எரிந்த மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டையும் இறக்கினார்கள். விசாரணைக் குழு கடைசிவரை அங்கே வரவேயில்லை. சாய்மானத்தின் உயரம் சரியில்லை என்று நாற்காலி திரும்பிப் போயிருந்தது. அறிக்கை வந்ததும் வாரியத் தலைவர் நான்காவது மாநாட்டுக்குக் கிளம்பினார். போகும் முன் நீரேற்று நிலைய வாசலில் ஒரு பலகை மாட்டச் சொல்லியிருந்தார்: 'கிரிப்டோ நாணயச் சுரங்கத் திட்டம் – இரண்டாம் கட்டம்.'

குழாய் திறந்த அன்று காலை தெருவே நீரேற்று நிலைய வாசல் குழாயடியில் நின்றது. கீழ்வீட்டுத் தையல்காரி குடத்தை வைத்துவிட்டுப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "என்னக்கா இது, காசு வரும்னு போட்டிருக்கு, தண்ணி வருது?"

"இன்னிக்குத்தான் பலகைய மாட்டியிருக்காங்க. தண்ணி வர்ற விசயம் அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள நீ அண்டாவையும் எடுத்துட்டு வா" என்றாள் தசமம், தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டபடி.